தலையில்லாச் சிங்கம்

பழமையைப் போற்ற வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. எங்ஙனம் போற்றுவது என்ற வினா எழும்போதுதான் கருத்துக்கள் பலவாகப் பிரிகின்றன. மண்ணுட் புதைந்ததை அகழ்ந்தெடுத்தல் ஒன்று. எடுத்ததை மேலும் அழியாமற் பேணல் மற்றொன்று. அழிந்துபோனதை மீண்டும் கட்டி நிறுத்தல் வேறொன்று. இம்மூன்றையும் ஒரே தொழிலாகக் கருதி, மூன்றிற்கும் ஒரே பாராட்டை வழங்குவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. உண்மையில் இவை வெவ்வேறு தொழில்கள். சில வேளைகளில் ஒன்றுக்கொன்று பகையாதலும் உண்டு. இதனை ஆராய்தற்கு மாத்தளை மாவட்டத்திலுள்ள சீகிரியாவினுஞ் சிறந்த இடம் இலங்கையில் இல்லையென்றே கூறலாம். பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் இவ்விழா மலரில் அதனை எடுத்துப் பேசுவது தகுமென எண்ணுகின்றோம். கல்லைப் பற்றிய இப்பிரச்சினை கல்வியைப் பற்றிய பிரச்சினையுமாகும்.

சுற்றியுள்ள சமநிலத்தினின்று ஏறக்குறைய 200 மீற்றர் உயர்ந்து நிற்கும் ஒற்றைப் பாறை சீகிரியா. அதன் வடபுறத்தே, பாதிவழி ஏறியதும் ஓர் அகன்ற தளம் உண்டு. அத்தளத்தினின்று உச்சிக்குச் செல்லும் படிவரிசையின் இருபுறமும், செங்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் அமைந்த மாபெரும் சிங்கப் பாதங்கள் இரண்டு, நகங்களோடு கிடக்கின்றன. ஒரு காலத்தில் மேலே ஏறியோர் அச்சிங்கத்தின் உருவினூடே புகுந்து சென்றனர். இன்று பாதங்களே எஞ்சியுள்ளன; தலையும் மார்பும் என்றோ சரிந்துபோயின. இப்பாதங்களுக்கிடையே நடந்து செல்லும் எவர் மனத்திலும், இச்சிங்கத்துக்கு ஒரு தலை அமைத்தால் எத்துணை அழகாயிருக்கும் என்ற எண்ணம் எழுதல் இயல்பே. பொறியியல் வளர்ந்த இக்காலத்தில் அஃது அரிய செயலுமன்று. ஆயினும் அது செய்யத்தகாத செயல் என்பதே எமது துணிபு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்போம்.

சூளவம்சம் கூறும் வரலாறு பலரும் அறிந்ததே. தந்தையாகிய தாதுசேனனைக் கொன்று அரசைக் கைப்பற்றிய காசியப்பன், இந்தியாவுக்குத் தப்பிச் சென்ற முகலனுக்கு அஞ்சி, அநுராதபுரத்தை விட்டு இப்பாறையை அடைந்து, கி. பி. 477 முதல் 495 வரை ஆண்டான் என்பர். முகலன் படையோடு மீண்டபோது காசியப்பன் போர்க்களத்தில் மாண்டான். பாறை பிக்குகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும், பதினெட்டு ஆண்டுக் கதை ஒன்றே சீகிரியாவின் வரலாறாகிவிடாது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே அடிவாரத்துக் குகைகள் பிக்குகளுக்குத் தானமாக அளிக்கப்பட்டமையை ஆங்குள்ள பிராமிக் கல்வெட்டுக்கள் உரைக்கின்றன. அலிகல என்னும் பாறை ஒதுக்கிடத்தில், அதற்கும் பல்லாயிரம் ஆண்டு முற்பட்ட மாந்தர் வாழ்ந்த அடையாளங்கள் கிடைத்துள்ளன. ஒரு காலத்தின்மேல் இன்னொரு காலம் படிந்து கிடக்கும் இடம் அது.

1831 ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை அதிகாரி ஜொனதன் போர்ப்ஸ் அங்கு சென்று எழுதிய பின்னரே வெளியுலகின் கவனம் அப்பாறைமேற் சென்றது. இலங்கையின் முதலாவது தொல்பொருளாராய்ச்சி ஆணையாளராய் விளங்கிய எச். சி. பி. பெல், அந்நூற்றாண்டின் இறுதியிற் காடு வெட்டி அகழ்வுப் பணியைத் தொடங்கினார். 1898 இல் வடபுறத் தளத்திற் குவிந்து கிடந்த செங்கற் சிதைவுகளை அகற்றியபோது சிங்கப் பாதங்கள் வெளிப்பட்டன. சிங்ககிரி என்ற பெயரின் காரணம் அன்று கண்ணுக்குப் புலனாயிற்று. நூலிற் படித்த ஒரு செய்தி மண்ணிலிருந்து எழுந்து சாட்சி கூறிய நாள் அது. அச்சாட்சி கூறியது பாதங்களைப் பற்றியே. தலை எவ்வடிவினது, வாய் திறந்திருந்ததோ மூடியிருந்ததோ, பிடரிமயிர் எங்ஙனம் அமைந்ததோ, இவற்றைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. சாட்சி கூறாததை நாம் அதன் வாயில் இட்டு நிரப்புதல் நீதியாகுமா?

தமிழ் படித்த எமக்கு இந்நெறி புதியதன்று. ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியோர் எமக்கு இதனை முன்னரே கற்பித்துள்ளனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267 ஆம் பாட்டும் 268 ஆம் பாட்டும் இன்றளவும் கிடைத்தில. வேறு பல பாட்டுக்களிற் சீரும் அடியும் சிதைந்துள்ளன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் அகப்பட்டில. ஐயரவர்களுக்கு இருந்த புலமைக்கு, சங்கப் புலவர் நடையில் இரண்டு பாட்டு இயற்றி அந்த வெற்றிடத்தை நிரப்புதல் ஒரு பொழுதின் வேலையாயிருந்திருக்கும். படிப்போரிற் பலர் வேற்றுமை கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். அவர் அதனைச் செய்யவில்லை. சிதைந்த இடத்திற் புள்ளியிட்டு, பாடபேதங்களை அடிக்குறிப்பில் அடைத்து, தமக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது எனப் பிரித்துக் காட்டினார். ஈழத்துச் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும் செல்லரித்த ஏடுகளோடு போராடியே அப்பணியை முடித்தார். அப்பெரியோரிடத்து நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அடிப்படை அவர் இட்ட புள்ளிகளே. சீகிரியாவிற் பாதங்களுக்கு மேலே தெரியும் வெறும் பாறையை நாம் அத்தகைய புள்ளிகளாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஏட்டுப் பதிப்புக்கும் அகழ்வுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏட்டை ஒருவர் பிழையாகப் படித்தால் மற்றொருவர் அதே ஏட்டை எடுத்து மீண்டும் படிக்கலாம். மண்ணை அங்ஙனம் மீண்டும் படித்தல் இயலாது. எந்தப் படையின்மேல் எந்தப் படை கிடந்தது, ஓட்டின் அருகே மணி கிடந்ததா, மணியின் கீழே சாம்பல் கிடந்ததா என்பனவே அகழ்வாராய்ச்சியின் உயிர்நிலை. மண்வெட்டி பட்ட கணமே அவ்வொழுங்கு குலைந்துவிடும். ஆகவே, தோண்டும்போதே அளந்து, வரைந்து, எழுதி வைத்தவையே எஞ்சும். எழுதாதன யாவும் என்றைக்கும் இழந்தனவே. அகழ்ந்தோர் தம் குறிப்புக்களை நூலாக வெளியிடும் கடமையும் இதனாலேயே எழுகின்றது.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்ற இடம் எகிப்து. அந்நாட்டு அரசர் பள்ளத்தாக்கில் முதலாஞ் சேத்தி மன்னனின் கல்லறையை 1817 இற் பெல்சோனி என்பார் கண்டுபிடித்தார். வர்ணமுஞ் செதுக்குவேலையும் நேற்றுச் செய்தன போல விளங்கிய அக்கல்லறை, அதன் பின்னரே விரைந்து அழியத் தொடங்கிற்று. சுவர்ச்சிற்பங்களின்மேல் ஈரத்தாள் ஒட்டி அச்செடுத்தோர் வர்ணத்தையும் உரித்துச் சென்றனர். சில பகுதிகள் அறுத்தெடுக்கப்பட்டு ஐரோப்பாவின் அரும்பொருட்சாலைகளைச் சேர்ந்தன. ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு இருளிற் கிடந்தபோது நேராத கேடு, வெளிச்சம் பட்ட சில பத்தாண்டுகளில் நேர்ந்தது. 1922 இல் துட்டன்காமனின் கல்லறையைக் கண்ட ஹவார்ட் காட்டர் இதனினும் பொறுமையுடையவர். இரசாயன அறிஞர் அல்பிரட் லூக்காசைத் துணையாகக் கொண்டு, ஒவ்வொரு பொருளையும் எண்ணிட்டு, படம்பிடித்து, மருந்திட்டு வெளிக்கொணர்ந்தார். அச்சிறு கல்லறையை வெறிதாக்க அவருக்குப் பத்தாண்டளவு சென்றது. அத்துணைப் பொறுமையுடையவரும் தமது முழுமையான ஆராய்ச்சி அறிக்கையை வெளியிடாமலே 1939 இற் காலமானார்.

பேணும் கலையும் அங்கேதான் முதிர்ச்சி பெற்றது. நெபர்த்தாரி அரசியின் கல்லறை 1904 இற் கண்டுபிடிக்கப்பட்டது. பாறையினின்று ஊறிய உப்பு, சாந்தின் உள்ளே பளிங்காகி வளர்ந்து, ஓவியத்தை அடியிலிருந்து தள்ளிப் பெயர்த்தது. 1986 முதல் 1992 வரை எகிப்திய அரசும் அமெரிக்காவிலுள்ள கெற்றி நிறுவனமும் இணைந்து அதனைப் பாதுகாத்தன. ஈண்டு எமது கருத்திற் பதியவேண்டியது யாதெனின், அப்பணியாளர் இழந்த ஓவியத்தைத் தம் கையால் மீண்டும் தீட்டவில்லை. பெயர்ந்ததை ஒட்டினர், அழுக்கை நீக்கினர், இழந்ததை இழந்ததாகவே விட்டனர். பார்வையாளரின் மூச்சில் உள்ள ஈரமே சுவருக்குப் பகையென உணர்ந்து, உள்ளே செல்வோர் தொகைக்கும் வரம்பு விதித்தனர். துட்டன்காமன் கல்லறைக்கு முற்றிலும் ஒத்த மாதிரியுரு ஒன்று செய்யப்பட்டு, 2014 இற் பள்ளத்தாக்கின் வாயிலருகே மக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டது. மூலத்தைத் தொடாமலே மக்களின் ஆவலைத் தணிக்கும் வழி அது.

இனி, சீகிரியாவின் ஓவியங்களுக்கு வருவோம். பாறையின் மேற்குமுகத்தில், தரையினின்று நெடுந்தூரம் உயர்ந்த குடைவிடத்தில் எழுதப்பட்ட பெண்ணுருவங்களில் இன்று இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. 1967 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஓர் இரவு, யாரோ சிலர் அங்கு ஏறி, அவ்வுருவங்கள் பலவற்றின்மேற் பச்சை வர்ணத்தைப் பூசிச் சென்றனர். சில உருவங்கள் கொத்திச் சிதைக்கவும்பட்டன. இத்தாலிய நிபுணர் லூசியானோ மரான்சியும், தொல்பொருளாராய்ச்சித் திணைக்களத்தின் இரசாயன அறிஞராயிருந்து ஆணையாளரான ராஜா டி சில்வாவும் அவ்வர்ணத்தைச் சிறிது சிறிதாகக் கழுவி நீக்கினர். பதினைந்து நூற்றாண்டு நிலைத்த பழைய வர்ணத்தை விட்டு, முந்தாநாட் பூசிய புதிய வர்ணத்தை மட்டும் பிரித்தெடுத்தல் எத்துணைக் கடினமென்பதை இரசாயனம் பயிலும் எமது மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

நன்மை செய்ய எண்ணிய கையும் தீங்கு செய்தலுண்டு என்பதற்கு அஜந்தா சான்று. 1920 முதல் 1922 வரை ஐதராபாத்து நிஜாமின் அரசு இத்தாலியிலிருந்து வல்லுநரை வரவழைத்து, அக்குகை ஓவியங்களைப் பாதுகாக்கச் செய்தது. அவர் உதிர்ந்த சாந்தை ஒட்டியது நற்பணியே. ஆனால் ஓவியங்களின்மேற் பூசிய அரக்குமெருகு காலஞ் செல்லச் செல்ல மஞ்சளித்துக் கறுத்து, ஓவியத்தையே மறைக்கலாயிற்று. பிற்காலத்தார் அதனை நீக்க நெடுங்காலம் உழைக்க நேர்ந்தது. அவ்வல்லுநர் தம் காலத்து அறிவின்படியே நடந்தனர். அவர்க்கு அன்று அறிவு குறைவாயிருந்தது போல எமக்கும் இன்று சில அறிவுகள் குறைவாகவே இருத்தல் கூடும். ஆகையால், பின்வருவோர் மாற்றக்கூடியதையே இன்று செய்தல் வேண்டும் என்பது பாதுகாப்புக் கலையின் விதியாயிற்று.

மிகையாகத் திருத்துதலின் ஆபத்தை உணர்த்தச் சீகிரியாவிலேயே மற்றொரு சான்று உண்டு. ஓவியங்களின் கீழே செல்லும் நடைபாதையின் வெளிப்புறத்தில் ‘கண்ணாடிச் சுவர்’ எனப்படும் செங்கற்சுவர் நிற்கின்றது. சுண்ணச்சாந்து பூசி முகம் தெரியும்படி மெருகிடப்பட்டமையால் அப்பெயர் பெற்றதென்பர். அரசு மறைந்த பல நூற்றாண்டுகளின் பின், அங்கு வந்து ஓவியங்களைக் கண்டோர் தம் உள்ளத்தெழுந்த கவிகளை அம்மெருகின்மேற் கீறிச் சென்றனர். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 கவிகளைப் படித்து, 1956 இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். சிங்கள மொழியின் பழைய கவிதைக்கும் எழுத்தின் வளர்ச்சிக்கும் அவற்றைப் போன்ற சான்று வேறில்லை. இனி ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பெல் காலத்தில் ஆர்வமிக்க அதிகாரி ஒருவர், ‘இச்சுவர் கீறல் விழுந்து கெட்டுவிட்டது, காசியப்பன் காலத்து மெருகை மீட்டெடுப்போம்’ என்று புதுச்சாந்து பூசியிருந்தால் யாது நேர்ந்திருக்கும்? சுவர் மின்னியிருக்கும், கவிகள் மாண்டிருக்கும். கீறல் என்று தோன்றியதே பின்னர்ப் பெருஞ்செல்வமாயிற்று. எது குப்பை, எது செல்வம் என்பதை ஒரு தலைமுறை மட்டும் தீர்மானித்துவிடுதல் தகாது.

பழையோர் கீறியது செல்வமானால் நாமும் கீறுவதில் என்ன பிழை என்று குறும்பாகக் கேட்கும் மாணவரும் உளர். பழையோர் கீறிய இடம் அன்று வெறுஞ்சாந்து. இன்று நாம் கீறும் இடம் அவர்தம் கவிகளின் நெஞ்சு. 2015 இற் சுவரிற் பெயர் கீறிய ஒருவருக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததும், பின்னர் சனாதிபதியின் மன்னிப்பால் அவர் விடுவிக்கப்பட்டதும் நாடறிந்த செய்திகள். தண்டனை கடுமையா, மன்னிப்புத் தகுமா என்று நாம் விவாதிப்பதினும், சுற்றுலாச் செல்லும் பிள்ளைகளுக்குப் புறப்படுமுன் அச்சுவரின் பெருமையை எடுத்துக் கூறினோமா என்று பள்ளிக்கூடங்கள் தம்மைத் தாமே கேட்டல் நன்று.

மீண்டும் கட்டுதல் எவ்விடத்தும் ஆகாதென்று நாம் கூறவந்தோமல்லோம். பாறையின் மேற்குப்புறத்து நீர்ப்பூங்காக்களை எடுத்துக்கொள்வோம். 1980 இற் கலாசார முக்கோணத் திட்டம் தோன்றி, 1982 முதற் பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க சீகிரியா அகழ்வுகளை நெறிப்படுத்தினார். அகழிகள், குளங்கள், நிலத்தடி நீர்வழிகள் ஆகியன அகழ்ந்து சீராக்கப்பட்டன. துளையிட்ட வட்டக் கற்பலகைகளையுடைய நீரூற்றுக்கள், அடைத்திருந்த மண்ணை நீக்கியதும், மழைக்காலத்தில் நீர் மிகும்போது தாமாகவே மீண்டும் பீறிட்டன. உயரமான இடத்து நீர் தாழ்ந்த இடத்தில் அழுத்தத்தோடு எழும் என்ற இயற்கை விதியே அங்கு வேலை செய்கின்றது. பழையோர் அமைத்தது அப்படியே கிடந்தது. தடையை நீக்கியதே எம் காலத்தார் தொண்டு. சான்று முழுமையாய் உள்ள இடத்துப் புதுப்பித்தல் அறிவின் வெற்றி. சான்று இல்லாத இடத்து அது கற்பனையின் வெற்றி. 1964 இல் வெனிஸ் நகரிற் கூடிய அறிஞர் வகுத்த சாசனமும், அனுமானம் தொடங்குமிடத்திற் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்றே விதிக்கின்றது.

அந்நீர்ப்பூங்காக்களில் எம்மை மிகக் கவர்ந்தது மற்றொன்று. அவை நடுவழியின் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்தனவாய் அமைந்தவை. வடபாதி அகழ்ந்து காட்டப்பட்டுள்ளது. தென்பாதியிற் பெரும்பகுதி புல்லின் கீழே இன்னும் உறங்குகின்றது. வருவோர் சிலர் இதனைச் சோம்பலின் அடையாளமாகக் கருதுவர். எமக்கு அது கொடைபோலத் தோன்றுகின்றது. நாளை இன்னும் நுண்ணிய கருவிகள் தோன்றும். மகரந்தப் பொடியிலிருந்து எந்தப் பூ மலர்ந்தது என்று கூறவல்லோர் வருவர். அவர்க்குத் தொடாத மண் சிறிதேனும் வேண்டும். வீட்டு நெல்லை முழுவதும் உண்டுவிடாது விதைநெல் எடுத்து வைத்தவன் உழவன். தொல்பொருளறிஞனும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

இங்கே எம்மவர் எழுப்பும் தடையொன்றுக்கு விடை கூறல் கடன். “எமது கோயில்களைப் பன்னீராண்டுக்கு ஒருமுறை புதுக்கிக் கும்பாபிடேகம் செய்கின்றோம், போர்த்துக்கீசர் இடித்த ஆலயங்களை மீண்டும் எடுத்தோம், அது தவறாகுமா?” என்பர். தவறன்று. வழிபாடு நிகழும் ஆலயம் உயிருள்ள உடம்பு. அது வளரும், மாறும், புதுத்தோல் போர்க்கும். பௌத்தர் தம் தாதுகோபங்களைப் புதுக்குவதும் அந்நெறியே. ஆயினும் அங்கும் நிதானம் வேண்டும். அநுராதபுரத்து மிரிசவெட்டித் தாதுகோபம், திருப்பணி நடந்துகொண்டிருந்தபோதே 1987 இற் சரிந்து வீழ்ந்தது. தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில், மணலை விசையோடு வீசிக் கற்சுவரைத் தூய்மை செய்தமையாற் கல்வெட்டெழுத்துக்கள் தேய்ந்து மறைந்தன. பக்தியால் எழுந்த பணியே பழமைக்குக் காலனாதல் இதனாற் பெறப்படும். சீகிரியாச் சிங்கத்தை வணங்குவார் எவருமிலர். அதற்குத் தலை வேண்டுமென்பது பக்தியின் கோரிக்கையன்று, காட்சியின் கோரிக்கை. ஆகவே கோயில் நியாயம் அங்கே செல்லாது.

இன்னும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. சீகிரியா யாது என்பதிலேயே அறிஞர் உடன்பட்டிலர். ஓவியப் பெண்கள் கோயிலுக்குச் செல்லும் அரச மகளிர் என்றார் பெல். அவர் வானுலக அப்சரசுகள் என்றார், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. குபேரனின் அளகாபுரியைப் பூமியிற் காட்ட முயன்ற அரசனின் மாளிகை இது. அப்பெண்கள் முகிலும் மின்னலுமாவர் என்றார் பரணவிதான. இது மாளிகையே அன்று, பௌத்த மடாலயம் என்று 2002 இல் நூலெழுதினார் ராஜா டி சில்வா. இவருள் எவர் கொள்கை சரியென்று தீர்ப்பது எமது நோக்கமன்று. உச்சியிலுள்ள தாழ்ந்த சுவர்களின்மேல் நாளை ஒரு மாளிகையை எழுப்பினால் மடாலயக் கொள்கையின் வாயை அடைத்தவராவோம். மடாலயத்தை எழுப்பினால் மாளிகைக் கொள்கையின் வாயை அடைத்தவராவோம். செங்கல்லும் சீமெந்தும் விவாதத்துக்கு முடிவு கட்டும் ஆயுதங்களாகிவிடும்.

அது வெறும் அச்சமன்று. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பழைய இடிபாடு ஒன்று வெளிப்பட்டதும், ஆராய்ச்சிக்கு முன்னரே உரிமைப் போர் தொடங்கிவிடுவதை நாம் கண்டு வருகின்றோம். முல்லைத்தீவுக் குருந்தூர்மலையிற் புதிதாகக் கட்டுவது பற்றிய பிணக்கு 2022 இல் நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய பிணக்குகளில் எமது மக்களின் மனக்கசப்புக்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால், மற்றவர் சான்றில்லாமற் கட்டும்போது கண்டிக்கும் நாம், எமக்கு விருப்பமான இடத்திற் சான்றில்லாமற் கட்டுவதற்குத் துணை போவோமாயின், எமது கண்டனத்துக்கு வலிமை ஏது? தெரிந்தது முடியுமிடத்திற் கட்டுவதும் முடிதல் வேண்டும் என்ற நெறி, சீகிரியாவுக்கும் குருந்தூர்மலைக்கும் கந்தரோடைக்கும் ஒன்றே. மெலியோருக்கு இந்நெறியே அரண். வலியோருக்கு அது கடிவாளம்.

சீகிரியாவின் அயலிலேயே இதற்கு நல்ல பாடம் கிடைக்கின்றது. தம்புள்ளையருகே இப்பன்கட்டுவ என்னுமிடத்தில், கிறித்துவுக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட ஈமக்காடு ஒன்று உண்டு. கற்பலகைகளைப் பெட்டிபோல நிறுத்தி, தாழிகளையும் மட்பாண்டங்களையும் உள்ளே வைத்து, மேலே மூடுகல் இட்டு அடக்கம் செய்துள்ளனர். சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. பொம்பரிப்பு, ஆனைக்கோட்டை, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் ஆகிய இடங்களின் ஈமங்களோடு இதனை ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. அவ்வீமங்களுட் கிடந்தோர் தம்மை இன்ன இனத்தவர் என்று எங்கும் எழுதி வைத்தாரல்லர். பாக்கு நீரிணையின் இருகரையிலும் மாந்தர் போக்குவரத்தும் பழக்கவழக்கமும் கலந்திருந்தன என்பதையே அவை உரைக்கின்றன. சீகிரியாவுக்கு அண்மையில் அலகொலவெவப் பகுதியில் பழைய இரும்புலைகள் அகழப்பட்டன. காசியப்பனுக்கு முன்னரே அங்கே பெயர் தெரியாத கொல்லர் பெருந்தொழில் நடத்தியமை அதனாற் புலனாயிற்று. சிங்கத்தின் தலைக்குச் செலவாகும் பொருள் இத்தகைய ஆராய்ச்சிக்குச் செலவாயின், அரசர் கதையோடு குடிமக்கள் கதையும் எமக்குக் கிடைக்கும்.

அங்ஙனமாயின் சிங்கத்தின் முழுவுருவைக் காண விழைவோர் ஏமாறத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. சீகிரியாவில் 2009 முதல் ஓர் அரும்பொருட்சாலை இயங்குகின்றது. அறிஞர் எண்ணும் நாலைந்து வகையான தலைகளையும் அங்கே படமாகவோ சிற்றுருவாகவோ அமைத்து, ஒவ்வொன்றின் கீழும் ‘இஃது ஊகம், இதற்கான காரணம் இன்னது’ என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கலாம். பார்க்கும் பிள்ளை தானே சிந்தித்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பாறைமேல் ஒரே ஒரு தலையைக் கட்டிவிட்டால் அப்பிள்ளைக்குச் சிந்திக்க ஒன்றும் எஞ்சாது. வருவோர் தொகையால் ஈட்டும் பணம் நாட்டுக்கு வேண்டுவதே. ஆனால் மக்கள் அங்கு வருவது பழமையைக் காணுதற்கே என்பதை மறத்தலாகாது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் இதற்கு எமக்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு. 1981 இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்தது. அதன் வடிவம் படங்களிலும் மக்கள் நினைவிலும் தெளிவாக இருந்தமையால் அது முறையான பணியே. சுவடிகளோ மீளவில்லை. அவற்றில் இன்னது இருந்திருக்கும் என்று புதிதாக எழுதி அலுமாரியில் அடுக்க எவரும் முனைந்தாரல்லர். முனைந்திருந்தால் நாமே வெகுண்டிருப்போம். படியெடுத்து வைக்காமையே அச்சுவடிகளை என்றென்றைக்கும் இழக்கச் செய்தது. ஆகவே பேணுதலின் முதற்படி கட்டுதலன்று, பதிவு செய்தல் என்பது எமது மக்கள் நெருப்பிலே கற்ற பாடம்.

இப்பணிக்கு ஆள் வேண்டும். மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் எமது மாணவரை ஈர்ப்பதிற் குறையொன்றுமில்லை. ஆயினும் ஆண்டுக்கு ஒருவரேனும் தொல்லியலை நாடிச் செல்லுதல் வேண்டும். பிராமி எழுத்தும் பாளியும் சிங்களமும் கற்ற தமிழர், உப்பு எங்ஙனம் சாந்தைத் தின்கின்றது என்றறிந்த இரசாயன மாணவர், இடிபாட்டை அளந்து வரையவல்ல கட்டடக் கலைஞர் ஆகியோர் அகழ்குழியின் விளிம்பில் நிற்பாராயின், அங்கே எழுதப்படும் குறிப்பிற் பலர் கண்களும் பதிந்திருக்கும். வெளியே நின்று முறையிடுவதினும் உள்ளே நின்று உண்மையை எழுதி வைத்தல் சிறந்தது.

ஆதலின் எமது விண்ணப்பம் சிறியதே. கல்லூரி வரலாற்று மன்றத்தார் சீகிரியாவுக்குச் சுற்றுலாச் செல்லும்போது அளவுநாடாவும் வரைதாளும் கொண்டு செல்வாராக. திரும்பி வந்து, தத்தம் ஊரிலுள்ள பழைய மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல், நல்லூர் மந்திரிமனை போன்றவற்றை அளந்து, படம்பிடித்து, கல்லூரி நூலகத்திற் பதிந்து வைப்பாராக. அவற்றுட் பல கேட்பாரற்றுச் சரிகின்றன. பழைய மாணவர் சங்கம் அப்பதிவுகளைத் தொகுத்து அச்சிடும் செலவை ஏற்குமாயின், இவ்விழாவின் நினைவாக எழுப்பும் எந்த வளைவினும் அது நெடுநாள் நிற்கும். இவை ஒவ்வொன்றிலும் எஞ்சியிருப்பது எவ்வளவோ அவ்வளவை மட்டும் எழுதுக. எஞ்சாத இடத்திற் புள்ளியிடுக.